பசித்தது யாருக்கு

1

அப்பாவின் முதல் வருஷத் திதியை நான் கைபேசியில்தான் பார்த்தேன். அயர்லாந்தில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். புது அட்டை கைக்கு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது சிரமம் என்று அலுவலகத்தில் ஒரு பெண் புன்னகை மாறாமல் சொன்னாள். இங்கே எந்தக் கெட்ட செய்தியையும் புன்னகையோடுதான் சொல்வார்கள். அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று நான் விளக்கப் போக, அவள் ரொம்பவும் வருந்தி, அப்பா எப்போது இறந்தார் என்று கேட்டாள். போன வருஷம் என்றேன். முடிந்துபோன சாவுக்கு இப்போது என்ன அவசரம் என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. இருந்திருந்தாலும் அட்டை வந்திருக்காது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் பெரியசாமி என்றுதான் இருக்கிறது. முழுப் பெயரும் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் நான் ‘பெரி’. ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இங்கே தொண்ணூறு வயதுக் கிழவிகள் நாள் முழுக்க அவரைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொல்கிறார்கள். முதல் சில மாதங்கள் சங்கடமாக இருந்தது. இப்போது அந்தப் பெயருக்கு நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த இல்லத்தில் பாதிப் பேர் ஞாபகம் தப்பியவர்கள். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு நான் வாசலைத் தாண்டுவதற்குள், இன்னும் எனக்குச் சாப்பாடு வரவில்லையே என்று பின்னாலிருந்து குரல் வரும். புதிதாக வரும் பணியாளர்கள் பதறிப்போய் என்னிடம் ஓடி வருவார்கள். எனக்கு அது பழகிய குரல். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மூன்று வருஷம் அதே குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

2

அப்பாவுக்கு வெகுகாலமாக சுகர் இருந்தது. கடைசி வருஷங்களில் மறதியும் சேர்ந்துகொண்டது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தோட்டத்துக்குப் போகும் வழியை மறந்தார், பிறகு என்னை மறந்தார். வீடியோ காலில் என்னைப் பார்த்து, யாரம்மா நீ, பேச்செல்லாம் நம்ம ஊர்ப் பேச்சாக இருக்கிறதே என்று மரியாதையாக விசாரித்தார். பசியை மட்டும் அவர் மறக்கவில்லை. சரியாகச் சொன்னால் சாப்பிட்டதை மறந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டது என் தம்பி குமரேசனின் மனைவி சுமதி. களியை உருட்டி, குழம்பில் தொட்டு, வாயில் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு அவள் எழுந்திருப்பாள். அவள் கை கழுவி வருவதற்குள் அப்பா வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம், “பசிக்குதுங்க. இந்த வூட்ல எனக்கு யாரும் சோறு போட மாட்டேங்கறாங்க” என்பார். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். தெரியாதவர்கள் சுமதியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். தெரிந்தவர்களிலும் சிலர் அப்படிப் பார்த்தார்கள் என்று அவள் ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதாள். அப்பா போய்ச் சேர்ந்த அன்று, இனிமேல் அந்தப் பேச்சு இருக்காது என்ற நிம்மதியும் அவளுக்கு இருந்திருக்கும். இருந்ததில் எந்தத் தப்பும் இல்லை.

அப்பா இறந்த சில வாரங்களிலேயே குமரேசனுக்கும் சுகர் என்று தெரிந்தது. அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார்கள் கருகிப்போனால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. எத்தனை சுற்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே, வாயில் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டும் இருப்பான். எண்ணிக்கை தப்பாது. அந்த மூளைதான் அவனுடைய முதலீடு. அப்பாவுக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று அவன் பயந்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். “அப்பாவுக்கு வந்தது எனக்கு வரக்கூடாதுக்கா” என்றான். சின்ன வயதிலிருந்து எதற்கும் பயப்படாதவன் அவன்.

எங்கள் பக்கத்தில் சுகர் என்று சொன்னால், சோற்றை விட்டுக் களிக்கு மாறிவிட்டு, வைத்தியம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது என்று சொன்னால் நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்கள். குமரேசன் அப்படி இல்லை, முழுசாக இறங்கினான். ஒரு பேலியோ வாட்ஸப் குழுவில் சேர்ந்தான். சர்க்கரைதான் மூளையை அரிக்கிறது, சோறும் களியும் சப்பாத்தியும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரைதான் என்று அங்கே சொன்னார்களாம். அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டான். முட்டை, வெண்ணெய், பாதாம், பனீர், ஆட்டுக்கறி என்று ஆயிற்று. காலிஃபிளவரைப் பொடியாக நறுக்கி வேகவைத்து அதில் குழம்பை ஊற்றிக்கொண்டான். சுமதி அதைப் பிணத்துக்குப் போட்ட வாய்க்கரிசி மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எடை குறைந்தது. சுகரும் இறங்கியது. குழுவில் பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: பசியே எடுப்பதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் ஒருத்தனாவது வாயைக் கட்டிக்கொண்டானே என்று என் கணவரிடம் அவனை உதாரணம் காட்டினேன். அவர் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பேச்சின் நடுவில் ஒரு சாதாரண வார்த்தை கிடைக்காமல் நின்றான். ஸ்குரூ டிரைவரைக் காட்டி அது, அது என்றான். ஒரு மோட்டாரைச் சுற்று தப்பிக் கட்டிக் கொடுத்து, அது கிணற்றுமேட்டில் ஓட்டிய அன்றே புகைந்தது. சுமதி காரணமில்லாமல் திட்டு வாங்கினாள். குழுவில் கேட்டானாம். உடம்பு கொழுப்பில் ஓடப் பழகுகிறது, மூளையும் பழகிக்கொள்ளும், பொறு என்றார்களாம். அவனும் பொறுத்தான்.

மாத்திரையைக் குறைத்தாயா என்று கேட்டேன். இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி தினமும் காலையில் தவறாமல் போடுகிறேன் என்றான். சோற்றை விட்டதை டாக்டரிடம் சொன்னாயா என்றேன். சொன்னால் திட்டுவார் என்றான். சோறு சாப்பிடுகிறவனுக்காகக் கொடுத்த மாத்திரை அது. அதையும் விடாமல் சோற்றையும் விட்டிருந்தான். ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டாகப் போட்டால் பத்திரம் என்று நினைத்தான். அரூருக்குப் போய் டாக்டரைப் பார் என்று நான் சொன்னதற்கு, அப்பா திதி முடியட்டும் என்றான்.

3

திதி அன்று எனக்கு மத்தியானத்துக்குத்தான் டியூட்டி. ஊரில் உச்சிப் பொழுது, இங்கே காலை. மகள் யாழினியையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் மொழி படிக்கிறாள், அதில் பாட்டெல்லாம் பாடுகிறாள். தமிழில் யாராவது நலம் விசாரித்தால் மட்டும் கேமராவுக்கு வெளியே நகர்ந்துவிடுவாள். அன்றும் அவள் முழங்கை மட்டும்தான் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது.

சுமதியின் கைபேசியைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பாவின் படம், மாலை, புது வேட்டி, தலைவாழை இலையில் படையல். வடை, கொழுக்கட்டை, அப்பாவுக்குப் பிடித்த ஜவ்வரிசிப் பாயசம். படைத்து முடித்து, காக்காய்க்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் வீட்டில் வாயில் ஏதாவது போடலாம். படைக்கிற மகன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சித்தப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். ரயில் தாமதம். அவர் வராமல் ஆரம்பிக்க முடியாது. காலையில் வழக்கம்போல மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கியிருந்த என் தம்பி, ஈர வேட்டியோடு வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தான்.

சித்தப்பா வந்து கற்பூரம் ஏற்றியபோது குமரேசன் உடம்பு லேசாக ஆடியது. அழுகிறான் என்று நினைத்தேன். முகமும் முதுகும் வேர்த்து ஒழுகின. கை நடுங்கி, பூ இலைக்கு வெளியே விழுந்தது. யாரோ ஏதோ கேட்டதற்குக் குழறலாகப் பதில் சொன்னான். பிறகு தலையைத் தூக்கி, யாரையும் பார்க்காத ஒரு பார்வையோடு, தெளிவாகச் சொன்னான்.

“பசிக்குது. எனக்கு யாரும் சோறு போட மாட்டேங்கறாங்க.”

அப்பாவின் வார்த்தை, அப்பா பேச்சை இழுக்கும் அதே இழுப்பு. பெண்கள் குலவையிட்டார்கள். சித்தப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவன் முன்னால் மண்டியிட்டார். “அண்ணா, வந்துட்டியாண்ணா” என்று அழுதார். என் தம்பியைவிட எவ்வளவோ பெரியவர், அவனை அண்ணா என்று கூப்பிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு கடல் தாண்டி, நர்ஸ் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் உடம்பு சிலிர்த்தது. என்னை யார் என்று கேட்டுவிட்டுப் போனவர், இப்போது தெரிந்துகொள்வாரோ என்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆசை வந்த வேகத்திலேயே அந்த வேர்வையும் என் கண்ணில் பட்டது. அந்த வேர்வை எனக்குத் தெரியும். இல்லத்தில் இன்சுலின் போட்டுவிட்டுக் காலை உணவைத் தள்ளிவிடும் ஆட்களுக்கு அதே வேர்வை, அதே நடுக்கம், அதே குழறல், அதே வெறித்த பார்வை. மூளைக்குச் சர்க்கரை போகவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் வலிப்பு வரும், நினைவு போகும், போன நினைவு திரும்பாமலும் போகலாம்.

சுகர் இறங்கிவிட்டது, சர்க்கரை கொடுங்கள் என்று கத்தினேன். குலவைச் சத்தத்தில் என் கத்தல் யாருக்குக் கேட்கும்? அப்பாவைப் பார்த்து அக்கா அழுகிறது பார் என்று யாரோ சொல்லி, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று சுமதி கைபேசியை எடுத்து அவனுக்கு அருகில் பிடித்தாள். அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஒரு வருஷமாக அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தொட்டாலே அவன் கத்தியிருக்கிறான். தயங்கித் தயங்கி சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் கைபேசியைப் பார்த்து, கோபமில்லாமல்தான், “பாப்பா, உங்கப்பன் வந்து நிக்கறப்ப இந்த வைத்தியமெல்லாம் பேசாத” என்றார்.

இல்லத்தில் ஞாபகம் தப்பியவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. செத்துப்போன கணவன் வருவான் என்று காத்திருக்கும் கிழவியிடம், அவர் வருவதற்குள் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள் என்போம். நான் குரலை இறக்கிக்கொண்டேன்.

“சித்தப்பா, அப்பா பசிக்குதுங்கறாரே. அவருக்குப் புடிச்ச பாயசத்தைக் குடுங்க. மேலாப்பல இருக்கற தண்ணிப் பாயசத்தை டம்ளர்ல ஊத்திக் குடுங்க.”

அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சித்தப்பாவே டம்ளரை வாங்கி நீட்டினார். குமரேசன் தட்டிவிட்டான். அந்த நிலையிலும் இனிப்பு என்றால் கை தானாக விலக்கியது. சித்தப்பா விடவில்லை. “உன் மவ குடுக்கச் சொல்றா, குடிண்ணா” என்றார். விழுங்குகிறானா, புரையேறுகிறதா என்று சுமதியைப் பார்க்கச் சொன்னேன். விழுங்கினான். ஒரு டம்ளர் முடிந்து இன்னொரு டம்ளர் கேட்டான். அப்பா பசியாறுகிறார் என்று கூடமே அழுதது. நான் அந்தத் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்து, என்ன எல்லோரும் அழுகிறீர்கள் என்று கேட்டான். அப்பா போய்விட்டார் என்றார் சித்தப்பா.

4

அந்த மாத்திரையின் வேலை ஒரு டம்ளர் பாயசத்தோடு முடியாது. மறுபடியும் இறங்கலாம். அப்பா வந்து போன உடம்பில் ஊசி குத்தக் கூடாது என்று சித்தப்பா தடுத்தும், சுமதி ஆட்டோவை வரவழைத்து அவனை அரூருக்குக் கூட்டிப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சின்ன மாமனார் பேச்சை மீறினாள். அங்கே பார்த்தபோதும் சுகர் கீழேதான் நின்றது. குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள்வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

டாக்டர் அவனைத் திட்டவில்லையாம், அதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு மாத்திரையை நிறுத்தினார். சோற்றைக் குறைப்பது தப்பில்லை, அதனால் சிலருக்கு சுகர் நன்றாகக் கட்டுப்படுகிறது. ஆனால் மருந்து போடுகிறவன் டாக்டரிடம் சொல்லாமல் குறைத்தால் முதலில் அடி வாங்குவது மூளைதான் என்றார். மூளை சாதாரணமாக சர்க்கரையில் ஓடுவது. கொழுப்பிலிருந்து வருவதைக் கொண்டும் சமாளிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது. வருஷக்கணக்கில் அப்படி ஓட்டினால் ஞாபகத்துக்கு நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்கிற அளவுக்குத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னாராம். தெரியாது என்று சொன்ன டாக்டர் மேல் எனக்கு மரியாதை வந்தது. நானும் இங்கே கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். தெளிவாக இருக்கிறது என்கிறவர்களும் உண்டு, தலைக்குள் மூடுபனி மாதிரி இருக்கிறது என்கிறவர்களும் உண்டு. தானியமும் பருப்பும் பழமும் ஒரேயடியாக நின்றால் அவற்றோடு வருகிற சத்துகளும் நிற்கும், அதுவும் மூளைக்கு வேண்டியதுதான் என்பதும் இருந்தது. குழுவில் மட்டும்தான் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

திதி அன்று இரவு நான் டியூட்டியிலிருந்து வந்ததும், யாழினி பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டாள். மாமாவுக்கு சுகர் இறங்கியது என்று உனக்குத் தெரியும், அப்புறம் ஏன் தாத்தாவுக்குப் பாயசம் கொடு என்று சொன்னாய், அது பொய்தானே என்றாள். மாமாவைக் காப்பாற்றச் சொன்னேன் என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. முதலில் நீ கை கூப்பினாயே, அது யாருக்கு என்றாள். கேமராவுக்கு வெளியே நகர்கிறவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். புரிந்துகொள்கிற அளவு தமிழ் அவளிடம் இல்லை, புரியவைக்கிற அளவு ஆங்கிலம் என்னிடம் இல்லை. இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

5

ஆபத்து முடிந்தது என்று நான் நினைத்தேன். அது சுமதி பக்கம் திரும்பியிருந்தது.

செத்தவர் வருஷத் திதியில் வந்து பசிக்கிறது என்றால், உயிரோடு இருக்கையில் அவருக்குச் சோறு போடவில்லை என்றுதானே அர்த்தம்? பால் ஊற்ற வருகிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எல்லோரும் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். பெரியவர் அப்போதே வாசலில் நின்று சொன்னாரே, நாம்தான் புத்தி பேதலித்தது என்று விட்டுவிட்டோம் என்றார்கள். சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் பசியோடு அலையக் கூடாது என்பதுதான் அவர் கவலை. வருகிற அமாவாசை அன்று மறுபடியும் ஒரு படையல் போட வேண்டும், சுமதி தலைக்குக் குளித்து, தன் கையால் எல்லாம் சமைத்துப் படைத்து, மாமனார் படத்தின் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு சொன்னார்.

நான் சுமதியைக் கூப்பிட்டேன். அது அப்பா இல்லை, சர்க்கரை இறங்கியதால் மூளை தடுமாறிப் பேசிய பேச்சு என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். “அந்த வார்த்தை மாமாவோட வார்த்தைங்க அண்ணி. இவரு பசிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல” என்றாள். பிறகு, “நான் போடலைங்களா அண்ணி?” என்று கேட்டாள். மூன்று வருஷம் தன் கையால் ஊட்டியவள், தான் ஊட்டினோமா இல்லையா என்று என்னிடம் கேட்டாள். அப்பாவின் மறதி அவளையும் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

குமரேசனிடம் கேட்டால் ஒரே பதில்: எனக்கு எதுவும் ஞாபகமில்லை. படையலுக்கு உட்கார்ந்தது தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், நடுவில் ஒன்றுமில்லை என்றான். டாக்டர் சொன்ன அளவில் இப்போது இரண்டு வேளை கொஞ்சம் களியும் சோறும் சாப்பிடுகிறான், கடையில் சுற்று தப்புவதில்லை என்று சுமதி சொல்லியிருந்தாள். குழுவிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. அங்கே என்ன நடந்தது என்று சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றான். மூளையைக் காப்பாற்றப் போய் மூளை தவறியது என்று அவன் எப்படிச் சொல்வான்? அப்பா வந்தார் என்பதே அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்கு சுமதிதான் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தில் நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அமாவாசை அன்றும் அட்டை வரவில்லை. மறுபடியும் கைபேசி, மறுபடியும் சொம்பு. சுமதி ஈரத் தலையை முடிந்துகொண்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். படையல் பார்க்க யாரும் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை, அவள் விழுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். சித்தப்பா கற்பூரத் தட்டை எடுத்தார். சுமதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிடக் குனிந்தாள்.

“சுமதி, நீ விழாத” என்றான் குமரேசன்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அவன் எழுந்து நின்றிருந்தான். அப்பாவின் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

“அன்னைக்குப் பேசுனது அப்பா இல்ல சித்தப்பா. நான்தான்.”

உன் மேல்தான் வந்தார், உனக்கு என்ன தெரியும் என்று சித்தப்பா சமாதானமாகச் சொன்னார். ஞாபகமில்லை என்று நீயே சொன்னாயே என்றும் கேட்டார்.

“எல்லாம் ஞாபகம் இல்ல. கொஞ்சம் இருக்குது. நீங்க என்னை அண்ணான்னு கூப்ட்டீங்க, அது கேட்டுச்சு. நான் குமரேசன்னு சொல்லோணும்னு பாத்தேன், பேர் வாயில வரல. அப்பா டெய்லி சொன்னதுதான் வந்துச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “ஒரு வருசமா பசியே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். டெய்லி பசிச்சுது. எனக்குத்தான் பசிச்சுது சித்தப்பா.”

கற்பூரம் தட்டில் எரிந்து தீர்ந்தது. சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இரண்டாம் தடவையும் போய்விட்டது போல இருந்தது அவர் இருந்த இருப்பு. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

சுமதி விழவில்லை. குனிந்தவள் மெல்ல நிமிர்ந்து, முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவின் படத்துக்கு நேராக நின்றாள். எத்தனையோ நாள் அந்த முகத்துக்குச் சோறு ஊட்டியவள், ஊட்டும்போது பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

“கேட்டுக்கிட்டீங்களா மாமா? நான் போட்டேன்.”